பள்ளி ஆலோசகர், சமூக ஆலோசகர் ஆவதற்கான அமெரிக்க முதுநிலைப் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களப்பயிற்சிக்கு வரும் முதுநிலை மாணவர்களை மேற்பார்வையிடுவது என் வேலையின் ஒரு பகுதி. அதனால் இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்கள், சேர்ந்து பாதியில் தவிப்பவர்கள் என்று பலரும் கேள்விகளை அனுப்புகிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்களின் வார்த்தைகளைக் கூடியவரை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய சந்தேகங்கள் முதலில், சிக்கலானவை பின்னால்.

நான் படித்தது பி.காம். உளவியலே தெரியாமல் இதில் சேர முடியுமா?

முடியும். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டத்தைத்தான் கேட்கின்றன. சில இடங்களில் அறிமுக உளவியல், புள்ளியியல் ஆகிய பாடங்களை முன்கூட்டியே முடித்திருக்கச் சொல்வார்கள். ஜிஆர்இ தேர்வைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன.

சேர்க்கையில் உண்மையில் எடை போடப்படுவது நேர்காணல். பல துறைகள் குழு நேர்காணல் நடத்துகின்றன. ஆறேழு பேரை ஒன்றாக உட்கார வைத்து ஒரு சூழ்நிலையைக் கொடுப்பார்கள். யார் நன்றாகப் பேசுகிறார் என்று பார்ப்பதைவிட, மற்றவர் பேசும்போது யார் கேட்கிறார் என்றுதான் அதிகம் பார்ப்பார்கள். "எல்லோரும் தங்கள் பிரச்சினைகளை என்னிடம்தான் சொல்வார்கள்" என்று விண்ணப்பக் கட்டுரையைத் தொடங்க வேண்டாம். பாதிப் பேர் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

பள்ளி ஆலோசகர், சமூக ஆலோசகர் இரண்டும் ஒரே படிப்பா?

அடித்தளம் ஒன்று, மேல்கட்டு வேறு. பொதுப் பாடங்களை இரு பிரிவினரும் ஒன்றாகப் படிப்பார்கள். பிரிவுக்குரிய பாடங்களும் களப்பயிற்சி நடக்கும் இடமும் மாறும். ஒருவர் பள்ளிக்குப் போவார். இன்னொருவர் சமூக மனநல மையத்துக்கோ, போதை மீட்பு நிலையத்துக்கோ, குடும்ப நல அமைப்புக்கோ போவார்.

இந்தப் பிரிவுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1908-இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் இளைஞர்களுக்கான தொழில் வழிகாட்டு நிலையத்தைத் தொடங்கினார். பள்ளி வழிகாட்டுதலின் வேர் அது. 1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பதறியது. மறு ஆண்டே வந்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், திறமையான மாணவர்களை அறிவியல் பக்கம் திருப்புவதற்காகப் பள்ளி ஆலோசகர்களின் பயிற்சிக்குப் பணத்தைக் கொட்டியது. சமூகப் பிரிவு வளர்ந்த கதை வேறு. 1963-இல் கென்னடி கையெழுத்திட்ட சமூக மனநல மையச் சட்டம், பெரிய மனநல மருத்துவமனைகளிலிருந்து சிகிச்சையை ஊருக்குள் கொண்டுவர முயன்றது. அந்த மையங்களில் வேலை செய்ய ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

விண்ணப்பிக்கும்போது பெயரைக் கவனியுங்கள். படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் காக்ரெப் அமைப்பு, 2009-ஆம் ஆண்டின் நெறிமுறைகளில் 'சமூக ஆலோசனை', 'மனநல ஆலோசனை' என்ற இரண்டையும் 'மருத்துவ மனநல ஆலோசனை' என்ற ஒரே பிரிவாக்கிவிட்டது. எனவே 'சமூக ஆலோசனை' என்று தேடிக் கிடைக்காவிட்டால் அந்தப் பெயரில் தேடுங்கள்.

சைக்காலஜிஸ்ட், சோஷியல் வொர்க்கர், கவுன்சிலர் எல்லோரும் ஒரே வேலையைத்தானே செய்கிறார்கள்?

ஆலோசனை அறைக்குள் எட்டிப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வேறுபாடு பயிற்சியிலும் உரிமத்திலும் இருக்கிறது. உளவியலாளர் என்ற உரிமத்துக்குப் பொதுவாக முனைவர் பட்டம் வேண்டும். விரிவான உளவியல் சோதனைகள் அவர்களின் தனித்துறை. சமூகப் பணி முதுநிலையில் குறைந்தது 900 மணி நேரக் களப்பணி உண்டு. வீடு, வருமானம், அரசு உதவி என்று தனிமனிதரைச் சுற்றியுள்ள அமைப்பையும் சேர்த்துப் பார்ப்பதுதான் அதன் மரபு. ஆலோசகர் படிப்பு உரையாடலையும் மனித வளர்ச்சியையும் மையமாகக் கொண்டது. மருந்து எழுதித் தரும் உரிமை ஆலோசகருக்கு இல்லை.

நெடுங்காலமாக இதில் ஒரு நடைமுறைக் குறை இருந்தது. முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் சமூகப் பணியாளர் கட்டணம் பெறலாம், ஆலோசகர் பெற முடியாது. 2024 ஜனவரி 1 முதல் அந்தத் தடை நீங்கிவிட்டது.

இரண்டு மூன்று வருடம் படிக்கும் அளவுக்கு இதில் என்னதான் இருக்கிறது? பேசுவதற்கு ஒரு பட்டமா?

காக்ரெப் அங்கீகாரம் பெற்ற படிப்பு குறைந்தது 60 செமஸ்டர் கிரெடிட். முழுநேரமாகப் படித்தால் இரண்டரை ஆண்டு, வேலை பார்த்துக்கொண்டே படித்தால் மூன்று முதல் நான்கு. தொழில் நெறிமுறை, பண்பாட்டுப் பன்மை, மனித வளர்ச்சி, தொழில் வழிகாட்டல், ஆலோசனைத் திறன்கள், குழு ஆலோசனை, மதிப்பீடு, ஆய்வு ஆகிய எட்டும் அடிப்படைப் பாடங்கள். அவற்றோடு பிரிவுப் பாடங்கள்: பள்ளிப் பிரிவில் கல்விச் சட்டம், சிறப்புக் கல்வி, பள்ளி அளவிலான திட்டமிடல், மனநலப் பிரிவில் நோயறிதல், சிகிச்சைத் திட்டம், போதைப் பழக்கம், நெருக்கடித் தலையீடு.

மாணவர்கள் பயப்படுவது புள்ளியியலுக்கு. உண்மையில் பலரைத் தடுமாற வைப்பது, எளிது என்று நினைத்துச் சேரும் ஆலோசனைத் திறன் வகுப்புதான். அதில் அறிவுரை சொல்லக் கூடாது, ஆறுதல் சொல்லக் கூடாது, சொந்தக் கதை பேசக் கூடாது. இவை மூன்றையும் எடுத்துவிட்டால் நம்மில் பலருக்குப் பேச ஒன்றுமே மிஞ்சாது.

பிராக்டிகம், இன்டர்ன்ஷிப் என்கிறார்களே, எத்தனை மணி நேரம்? சம்பளம் உண்டா?

முதல் கட்டக் களப்பயிற்சியான பிராக்டிகம் 100 மணி நேரம். அதில் குறைந்தது 40 மணி நேரம் ஆலோசனை பெறுபவரோடு நேரடியாக. இன்டர்ன்ஷிப் 600 மணி நேரம். நேரடி வேலை 240. இரண்டையும் கூட்டினால் 700-க்கு 280. மீதி 420 மணி நேரம் எங்கே போகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். குறிப்பு எழுதுவது, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தொலைபேசுவது, ஆலோசனை பெறுபவர்களைப் பற்றிய குழுக் கூட்டங்கள், மேற்பார்வை, வராமல் போனவருக்காகக் காத்திருப்பது. பட்டம் பெற்ற பிறகும் வேலை இதே விகிதத்தில்தான் ஓடும்.

சம்பளம் பெரும்பாலும் கிடையாது. இன்டர்ன்ஷிப் நடக்கும் பருவங்களில் பகல் நேரம் களத்துக்கே போய்விடும் என்பதால், வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்கள் விடுப்பையும் சேமிப்பையும் அதற்கு ஏற்றபடி முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மாலை வகுப்பு என்ற விளம்பரத்தை நம்பிச் சேர்ந்தவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

என் அமர்வைப் பதிவு செய்து மற்றவர்கள் போட்டுக் கேட்பார்களாமே? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

ஆமாம், கேட்பார்கள். ஆலோசனை பெறுபவரின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு பதிவு செய்வது அல்லது மேற்பார்வையாளர் நேரில் பார்ப்பது இந்தப் பயிற்சியின் கட்டாயப் பகுதி. களப்பயிற்சி முழுவதும் வாரம் சராசரியாக ஒரு மணி நேரம் மேற்பார்வையாளரோடு தனியாகவோ, இன்னொரு மாணவரோடு சேர்ந்தோ உட்கார வேண்டும். அதற்கு மேல் குழுவாக ஒன்றரை மணி நேரம். என்னைக் கேட்டால், படிப்பே இதுதான். மற்றவையெல்லாம் இதற்கான முன்னேற்பாடு.

வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். பதிவில் ஒரு பத்தாம் வகுப்பு மாணவன் சொல்கிறான்: "வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை." பயிற்சி மாணவி உடனே, "அம்மா உன் நல்லதுக்குத்தானே சொல்கிறார்?" என்கிறாள். பையன் "ம்" என்கிறான். அதன் பிறகு வரும் எல்லாப் பதில்களும் ஒற்றைச் சொல். மேற்பார்வையாளர் பதிவை நிறுத்திப் பின்னோக்கி ஓட்டுவார். "அவன் அம்மாவைப் பற்றி ஏதாவது சொன்னானா?" இல்லை. அம்மா எங்கிருந்து வந்தார்? பயிற்சி மாணவியின் மனத்திலிருந்து. வீட்டுக்குப் போகப் பிடிக்காததற்குக் காரணம் அண்ணனாக இருக்கலாம், போகும் வழியில் நிற்கும் கும்பலாக இருக்கலாம், அம்மா வீட்டில் இல்லாததாகவும் இருக்கலாம். "பிடிக்கவில்லை" என்று மட்டும் திருப்பிச் சொல்லிவிட்டு நான்கு வினாடி பொறுத்திருந்தால் அவனே சொல்லியிருப்பான்.

அந்த நான்கு வினாடியைப் பாடப்புத்தகத்திலிருந்து கற்க முடியாது. தன் குரலைத் தானே கேட்டு, முகம் சிவந்து, மறு வாரம் மறுபடி முயன்றுதான் வரும். கூச்சம் முதல் சில பதிவுகள் வரை இருக்கும். சக மாணவர்களின் பதிவுகளும் அதே லட்சணத்தில் இருப்பதைக் கேட்டதும் பெருமளவு தெளிந்துவிடும்.

படிக்கும்போது நானே கவுன்சலிங் போக வேண்டுமா?

எல்லா இடங்களிலும் கட்டாயமில்லை. பல துறைகள் வலியுறுத்துகின்றன. ஆனால் ஒரு சிறு குழுவில் உறுப்பினராக ஒரு பருவத்தில் குறைந்தது 10 மணி நேரம் பங்கேற்பது காக்ரெப் விதி. அங்கே எதைச் சொல்வது, எதைத் தவிர்ப்பது என்பது உங்கள் உரிமை. நீங்கள் சொன்னதற்கு மதிப்பெண் போட மாட்டார்கள்.

ஆன்லைன் படிப்பு செல்லுமா?

செல்லும். காக்ரெப் அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் படிப்புகள் பல உள்ளன. வகுப்பு எந்த வழியில் நடந்தாலும் விதிகள் ஒன்றுதான். களப்பயிற்சியை உங்கள் ஊர்ப் பக்கத்திலுள்ள பள்ளியிலோ மையத்திலோ செய்வீர்கள்.

சிக்கல் அங்கேதான். இடத்தைத் தேடித் தருவது யார்? சில பல்கலைக்கழகங்கள் உதவும். சில "உங்கள் பொறுப்பு" என்று கைகழுவிவிடும். இடம் கிடைக்காமல் ஒரு பருவத்தையே இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

பத்துப் பல்கலைக்கழகங்கள் பட்டியலில் இருக்கின்றன. எப்படித் தேர்ந்தெடுப்பது?

தரவரிசைப் பட்டியலை மூடி வையுங்கள். முதலில், நீங்கள் வேலை பார்க்க நினைக்கும் மாநிலத்தின் உரிம விதியைப் படியுங்கள். ஓஹாயோ, கென்டக்கி போன்ற சில மாநிலங்கள் மருத்துவ மனநல ஆலோசகர் உரிமத்துக்குக் காக்ரெப் பட்டத்தையே கேட்கின்றன. மற்ற மாநிலங்களில் அந்த அங்கீகாரம் இல்லாவிட்டாலும் வழி உண்டு. ஆனால் ஒவ்வொரு பாடத்தின் விவரத்தையும் மாநில உரிம வாரியத்துக்குக் காட்டி வாதாட வேண்டியிருக்கும்.

அடுத்து, துறையிடம் நேரடியாகக் கேளுங்கள்: களப்பயிற்சிக்கு எந்தெந்த இடங்களோடு ஒப்பந்தம் இருக்கிறது? சென்ற ஆண்டு மாணவர்கள் எங்கே போனார்கள்? என் பதிவுகளைக் கேட்கப்போகிறவர் யார், அவர் இப்போதும் ஆலோசனை வேலை செய்கிறாரா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் நான் அந்தப் பெயரை அடித்துவிடுவேன். வளாகம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

பட்டம் வாங்கியதும் ஆலோசகர் ஆகிவிடலாமா?

இங்கே இரு பிரிவுகளும் நன்றாகப் பிரிகின்றன. பள்ளி ஆலோசகருக்கான சான்றிதழை மாநிலக் கல்வித் துறை தருகிறது. பெரும்பாலும் பட்டம், மாநிலம் கேட்கும் தேர்வு, பின்னணிச் சரிபார்ப்பு ஆகியவை முடிந்ததும் முழு வேலையில் சேரலாம். முன்பு பல மாநிலங்கள் ஆசிரியராகப் பணியாற்றிய அனுபவத்தையும் கேட்டன. இப்போது அது அரிதாகிவிட்டது.

சமூக, மனநலப் பிரிவில் உரிமத்தைத் தனி வாரியம் வழங்குகிறது. வர்ஜீனியா 1976-இல் தொடங்கியது; கடைசியாக 2009-இல் கலிபோர்னியா சட்டம் இயற்றியது. ஐம்பது மாநிலமும் ஐம்பது விதமாக எழுதி வைத்திருப்பதால் உரிமத்தின் பெயரே இடத்துக்கு இடம் வேறுபடும். என்சிஇ அல்லது என்சிஎம்எச்சிஇ என்ற தேசியத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். பட்டத்துக்குப் பிறகு மேற்பார்வையின்கீழ் வேலை செய்த மணிக்கணக்கையும் காட்ட வேண்டும். பெரும்பாலும் 2,000 முதல் 4,000 வரை. உதாரணத்துக்கு டெக்சஸில் 3,000 மணி நேரம், அதில் 1,500 நேரடி வேலை, 18 மாதத்துக்குக் குறையாமல். அதுவரை நீங்கள் தற்காலிக உரிமத்தில் இருக்கும் இணை ஆலோசகர். தனியாகத் தொழில் நடத்த முடியாது.

மாநிலம் மாறினால் உரிமம் தானாக உங்களோடு வந்துவிடாது. இதற்காகவே முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்து ஆலோசகர் ஒப்பந்தம் ஒன்றை உருவாக்கியிருக்கின்றன. அது முழு உரிமம் பெற்ற மனநல ஆலோசகருக்கு மட்டும். பள்ளிச் சான்றிதழுக்குப் பொருந்தாது.

இரண்டு பிரிவையும் சேர்த்துப் படித்துவிட்டால் பாதுகாப்புதானே?

அங்கீகாரம் பெற்ற இரட்டைப் பிரிவுக்கு ஒவ்வொன்றுக்கும் தனியாக 600 மணி நேர இன்டர்ன்ஷிப் வேண்டும். மேலே சொன்ன சம்பளமில்லாப் பருவங்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் தனி ஆலோசனையும் நடத்தும் எண்ணம் உறுதியாக இருந்தால் செய்யுங்கள். எதற்கும் இருக்கட்டுமே என்பதற்காக என்றால் வேண்டாம். பொதுப் பாடங்கள் ஒன்றுதான் என்பதால் விடுபட்ட பாடங்களையும் களப்பயிற்சியையும் பின்னால் சான்றிதழ்ப் படிப்பாக முடிக்க வழி இருக்கிறது.

சம்பளம் எவ்வளவு?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 மே கணக்கில், பள்ளி மற்றும் தொழில் ஆலோசகர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 61,700 டாலர். போதை மீட்பு மற்றும் மனநல ஆலோசகர்களுக்கு ஏறத்தாழ 53,700. இணை ஆலோசகராக இருக்கும் காலத்தில் இதைவிடக் குறையும். கல்விக் கடனைக் கணக்குப் போடும்போது அந்தக் குறைந்த தொகையை வைத்துப் போடுங்கள்.

பள்ளி ஆலோசகர் என்றால் நாள் முழுவதும் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கமான ஆஸ்கா பரிந்துரைப்பது, 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர். நாடு தழுவிய சராசரி இன்னும் 350-க்கு மேல். தனித்தனியாக நெடுநேரம் பேசினால் பெரும்பாலான பிள்ளைகளின் முகத்தையே ஆண்டு முழுவதும் பார்க்க மாட்டீர்கள். அதனால்தான் வகுப்பறைப் பாடம், சிறு குழு, வருகைப் பதிவைப் பார்த்து முன்கூட்டியே தலையிடுவது என்று பயிற்சி விரிகிறது. நேரத்தில் 80 சதவீதமாவது மாணவர்களுக்கான நேரடி, மறைமுகச் சேவைக்குப் போக வேண்டும் என்கிறது ஆஸ்காவின் மாதிரித் திட்டம்.

நடப்பில் தேர்வு ஒருங்கிணைப்பு, உணவு இடைவேளைக் கண்காணிப்பு, கால அட்டவணை எல்லாம் ஆலோசகர் தலையில் விழும். இன்டர்ன்ஷிப்புக்கு இடம் பார்க்கும்போது அங்குள்ள ஆலோசகரின் நேற்றைய நாள் எப்படிப் போனது என்று கேளுங்கள். வேலை விவரத்தாளைவிட அந்தப் பதில் நம்பகமானது.

மாணவி என்னிடம் ரகசியமாகச் சொன்னதைப் பெற்றோர் கேட்டால் சொல்லியாக வேண்டுமா?

முதல் சந்திப்பிலேயே ரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். தனக்கோ பிறருக்கோ கடும் தீங்கு நேரும் ஆபத்து, சிறாருக்கு நடக்கும் வன்கொடுமை ஆகியவை அந்த எல்லைக்கு வெளியே. சிறார் வன்கொடுமை குறித்து நியாயமான ஐயம் எழுந்தாலே தகவல் தெரிவிப்பது பள்ளி ஆலோசகரின் சட்டக் கடமை. விசாரித்து உறுதி செய்வது அவர் வேலையல்ல. பிறருக்கு ஆபத்து என்ற விஷயத்தில் 1976-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தந்த டாரசாஃப் தீர்ப்பை எல்லா மாணவரும் படிப்பார்கள்; ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவரைக் காக்கும் பொறுப்பு சிகிச்சையாளருக்கு உண்டு என்றது அது. அதன் பிறகு ஒவ்வொரு மாநிலமும் தன் விதியை வகுத்துக்கொண்டது.

இவை தவிர்த்த விஷயங்களில்தான் தலைவலி. 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவுச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத மாணவரின் பள்ளிப் பதிவுகளைப் பெற்றோர் பார்க்கலாம். ஆலோசகர் தன் நினைவுக்காக எழுதி, வேறு யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கும் குறிப்பு அதில் சேராது. ஒரு முறை சக ஊழியரிடம் காட்டிவிட்டால் அந்த விலக்கு போய்விடும். பெற்றோர் கேட்டு வந்தால் நல்ல ஆலோசகர் பெரும்பாலும் மாணவியிடம் போய், "அம்மா கேட்கிறார். நீயே சொல்கிறாயா, நான் கூட இருக்கவா?" என்பார். பெரும்பாலான சிக்கல்கள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன.

என் மத நம்பிக்கைக்கு ஒவ்வாத வாழ்க்கை நடத்துபவர் வந்தால் வேறொருவரிடம் அனுப்பிவிடலாமா?

கூடாது. அமெரிக்க ஆலோசனைச் சங்கத்தின் 2014 நெறிமுறை இதில் தெளிவாக இருக்கிறது: திறமை போதாது என்றால் வேறொருவரிடம் அனுப்பலாம், தனிப்பட்ட மதிப்பீடு மட்டுமே காரணமாக இருந்தால் அனுப்பக் கூடாது. நம்பிக்கையை விட்டுவிடும்படி யாரும் கேட்கவில்லை. அதை அறைக்குள் வருபவர் மீது சுமத்தாமல் இருக்கப் பழக வேண்டும். மேலே பதிவில் வந்த அம்மாவைப் போலத்தான் இதுவும் நாம் அறியாமல் உள்ளே நுழையும். மேற்பார்வையாளர்தான் பிடித்துச் சொல்வார்.

எல்லாப் பாடத்திலும் 'ஏ' வாங்கியவரையும் படிப்பிலிருந்து நீக்குவார்களாமே?

நடக்கிறது. மதிப்பெண்ணோடு மனப்பாங்கையும் மதிப்பிடுவது துறையின் கடமை. விமர்சனத்தை எப்படி எடுத்துக்கொள்கிறார், எல்லை மீறுகிறாரா, குறிப்புகளை நேர்மையாக எழுதுகிறாரா என்று ஒவ்வொரு பருவமும் பார்ப்பார்கள். குறை தென்பட்டால் முதலில் எழுத்தில் சொல்லி, திருத்தத் திட்டமும் கால அவகாசமும் தர வேண்டும். அதன் பிறகும் மாறாவிட்டால்தான் நீக்கம். திருத்தத் திட்டம் கையில் வந்ததும் அவமானம் என்று ஒதுங்கிவிடுபவர்கள் உண்டு. அதை முடித்துவிட்டு நல்ல ஆலோசகர்களாக இருப்பவர்களே அதிகம்.

எஃப்-1 விசாவில் வந்து படித்தால் உரிமம் வரை போக முடியுமா?

இதைச் சேர்வதற்கு முன்பே கேட்பவர்கள் குறைவு என்பது என் வருத்தம். எஃப்-1 மாணவர் விசா. அதில் இருப்பவர் இன்டர்ன்ஷிப் செய்ய, படிப்பின் பகுதியாக வேலை பார்க்கத் தரப்படும் சிபிடி அனுமதி வேண்டும். அதை முழுநேரமாகப் பன்னிரண்டு மாதம் எடுத்துவிட்டால் பட்டத்துக்குப் பிறகு வேலை பார்க்கத் தரப்படும் ஓபிடி அனுமதி அந்தப் படிப்பு நிலைக்குப் பறிபோய்விடும். பகுதிநேரமாக எடுத்தால் பாதிப்பில்லை. ஓபிடி 12 மாதம். ஆலோசகர் படிப்புகள் பொதுவாக அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளுக்கான ஸ்டெம் பட்டியலில் வராததால் 24 மாத நீட்டிப்பு கிடைக்காது. டெக்சஸ் விதியில் குறைந்தது 18 மாதம் என்று மேலே பார்த்தோம். கணக்கு இடிக்கும்.

எனவே முழு உரிமம் வரை போக, ஓபிடி முடிவதற்குள் எச்-1பி என்ற வேலை விசாவுக்கு ஆதரவு தரும் வேலை தேவை. பல்கலைக்கழகங்களும், அவற்றோடு முறையாக இணைந்த லாப நோக்கற்ற அமைப்புகளும் அந்த விசாவுக்கான ஆண்டுக் குலுக்கலுக்கு உட்படாதவை. களப்பயிற்சிக்கு இடம் தேடும்போதே அத்தகைய இடங்களைக் குறித்து வையுங்கள். பள்ளிப் பிரிவில் பட்டத்துக்குப் பிந்தைய மணிக்கணக்குத் தொல்லை இல்லை என்றாலும், விசாவுக்கு ஆதரவு தரும் பள்ளி மாவட்டங்கள் எல்லா மாநிலங்களிலும் கிடைப்பதில்லை. சேர்க்கைக் கடிதம் வந்ததும், முன்பணம் கட்டுவதற்கு முன், பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு எழுதி, இதே துறையில் படித்த சர்வதேச மாணவர்கள் பட்டத்துக்குப் பிறகு எங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள்.